என் கைக்கு வளையாத பெல்ட்

எங்கள் தெருவில் என் மருமகளுக்குப் பெயர் கன்மேன். "கன்மேன் அக்கா போறாங்க", "கன்மேன் வீட்டு அம்மாதானே நீங்க?" இப்படித்தான் பேச்சு. மேன் என்றால் ஆம்பளை, இவள் எப்படி மேன் ஆனாள் என்று நான் ஒருமுறை தபால்காரரிடம் சண்டைக்கே போனேன். "பேங்க்ல துப்பாக்கியோட நிக்கிறவங்களுக்கு அதுதாம்மா பேரு, ஆணோ பொண்ணோ," என்றார் அவர். என்ன கண்றாவியோ. அவள் முதல் தடவை காக்கி உடுப்பைப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நின்றபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையிலிருந்த தம்ளரை நான் கீழே போட்டதில் விழுந்த சொட்டை இன்னும் அப்படியே இருக்கிறது.

நான் சாதாரணமாக எதற்கும் பயப்படுகிறவள் இல்லை. ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் பார்க்காத ரத்தமா? ஈரப் போர்வையை ஒரு முனையில் நான் பிடித்து முறுக்கினால் மறுமுனையில் இரண்டு பேர் தடுமாறுவார்கள், அப்படிப்பட்ட கை. வாயும் கைக்குச் சளைத்தது இல்லை. எங்கள் வீட்டு ஆள் மேல் எவராவது விரல் வைத்தால் அந்த விரலை ஒடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன் என்று தெருவுக்கே தெரியும்.

ஆனால் துப்பாக்கி வேறு சமாசாரம். என் மகன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். முதுகெலும்பில் ஏதோ நகர்ந்துவிட்டது, இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். படுக்கையும் தைலமுமாக அவன் கிடந்தபோதுதான் மருமகள் இந்த வேலைக்கு மனுப் போட்டாள். கல்லூரியில் துப்பாக்கி சுடுவதில் பரிசு வாங்கியவளாம். கல்யாணப் பேச்சில் இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. பெண் நன்றாகக் கோலம் போடுவாள், தையல் தெரியும் என்றுதான் சொன்னார்கள். அதுவும் பொய், அவளுக்கு ஊசியில் நூல்கூடக் கோக்கத் தெரியாது.

காவல் கம்பெனி அவளை வங்கிக்கு அனுப்பியது. துப்பாக்கி வீட்டுக்கு வராது. காலையில் கம்பெனி அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு போய், சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். துப்பாக்கி வைக்கிற தோல் உறையும் கம்பெனியுடையது. அந்த உறையைக் கோத்து இடுப்பில் கட்டுகிற பெல்ட் மட்டும் அவரவர் பாடு. இவள் என் மகனுடைய பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். கல்யாணத்துக்கு வாங்கிய பளபளப்பான பெல்ட்.

இரண்டாவது வாரம் ஒருநாள் பேயறைந்தவள் மாதிரி வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு? யாராவது கொள்ளையடிச்சுட்டானா?"

"கொள்ளையடிச்சிருந்தாகூடப் பரவாயில்ல அத்தை. துப்பாக்கி கீழ விழுந்துடுச்சு."

துப்பாக்கி ஒரு கிலோ கனம். அந்தப் பளபளப்புப் பெல்ட் தினமும் வலப்பக்கம் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இவள் ஒரு கையால் அதைத் தூக்கித் தூக்கிவிட்டுக்கொண்டே நின்றிருக்கிறாள். அன்றைக்கு ஒரு பெரியவர் பேனாவைத் தவறவிட, எடுத்துக் கொடுக்கக் குனிந்திருக்கிறாள். பக்கிள் பட்டென்று விட்டுவிட்டது. உறையும் துப்பாக்கியும் சேர்ந்து வங்கியின் பளிங்குத் தரையில் டமாரென்று விழுந்தன.

"ஹால் முழுக்க மூச்சு நின்னுபோச்சு அத்தை. கேஷியர் மேஜைக்கு அடியில போயிட்டார். அந்தப் பெரியவர் ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு, 'என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா'ங்கிறார். நான் குனிஞ்சு எடுத்தாலும் பயப்படுவாங்க, எடுக்காம நின்னாலும் பயப்படுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பெனி சூப்பர்வைசர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. "துப்பாக்கி இன்னொரு தடவை உன் இடுப்பை விட்டுப் போச்சுன்னா அன்னைக்கே நீயும் போயிடு. வேலை மட்டும் இல்ல, கேஸும் வரும்," என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். எங்கள் வீட்டில் அவள் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. உள்ளறையில் மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"எந்திரி. நாளைக்கு லீவுதானே? வா, நான் வாங்கித் தரேன் உனக்குப் பெல்ட்டு," என்றேன்.

முதலில் போனது கடைவீதியில் கண்ணாடி போட்ட பெரிய கடை. கழுத்தில் டையும் தலையில் எண்ணெயுமாக ஒரு பையன் ஓடிவந்தான். "சாருக்கு என்ன சைஸ் மேடம்?"

"சார் வீட்ல படுத்திருக்கார். பெல்ட்டு இவளுக்கு."

உடனே அவன் முகம் மலர்ந்து, தங்கநிறச் சங்கிலி மாதிரி ஒன்று, நடுவில் பட்டாம்பூச்சி வைத்த ஒன்று, விரல் அகலத்தில் ரோஜா நிறத்தில் ஒன்று என்று பரப்பினான்.

"ஏம்ப்பா, இதுல ஒரு எலிகூடத் தூக்கு மாட்டிக்காது. நல்லா கனம் தாங்குறதா எடு."

"என்ன கனம் மேடம்?"

"துப்பாக்கி," என்றாள் மருமகள், சாதுவாக.

பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "ஒரு நிமிஷம் மேடம்," என்று உள்ளே போனவன் வரவே இல்லை. கதவு இடுக்கிலிருந்து இன்னும் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. நாங்களே எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்தது யூனிஃபார்ம் கடை. காவலர்கள், தீயணைப்புக்காரர்கள், பேருந்து நடத்துநர்கள் எல்லோருக்கும் உடுப்பு விற்கிற இடம். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, விஷயத்தைக் கேட்டு, மறுபேச்சில்லாமல் ஒரு கட்டுப் பெல்ட்டைத் தூக்கிப் போட்டார். எல்லாம் கறுப்பு, எல்லாம் அகலம், பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

எனக்குத் தெரிந்த பரீட்சை ஒன்றுதான். முதல் பெல்ட்டை எடுத்து இரண்டு கையாலும் பிடித்து, போர்வை பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு முறுக்கினேன். நறநறவென்று சத்தம். மேல்தோல் வெடித்து உள்ளே பழுப்பு அட்டை தெரிந்தது.

"அம்மா! அம்மா! என்னம்மா பண்றீங்க!"

"இது தோலா? செருப்பு டப்பாவுக்குச் சாயம் பூசி வச்சிருக்கே."

"கிழிஞ்சா நீங்கதாம்மா வாங்கணும்!"

"என் கைக்கே கிழியிறது துப்பாக்கிக்கு எப்படித் தாங்கும்? அடுத்ததை எடு."

இரண்டாவது வெடிக்கவில்லை, ஆனால் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. மூன்றாவதில் பக்கிள் பிடுங்கிக்கொண்டு என் கையோடு வந்தது. மருமகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். கடைக்காரருக்கு முதலில் கோபம், அப்புறம் ரோஷம் வந்துவிட்டது. ஏணி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து காகிதம் சுற்றிய ஒன்றை இறக்கினார். "இதை முறுக்குங்க பார்ப்போம். முறுக்கிட்டீங்கன்னா கடையை உங்க பேருக்கு எழுதி வைக்கிறேன்."

இரண்டு பட்டைத் தோல், நடுவே விறைப்பாக என்னவோ வைத்துச் சேர்த்துத் தைத்திருந்தது. ஓரம் இரட்டைத் தையல். பித்தளைப் பக்கிளில் இரண்டு முள். நான் முறுக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். என் தோள் சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். ஒரு நுனியைப் பிடித்துக் கிடையாக நீட்டினால், துவளாமல் நேராக நின்றது. எனக்கு அதன் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

பக்கத்துக் காய்கறிக் கடையில் ஒரு கிலோ படிக்கல்லை இரவல் வாங்கி, துணியில் சுற்றி, பெல்ட்டில் தொங்கவிட்டோம். மருமகள் கடைக்குள்ளே நடந்தாள், உட்கார்ந்தாள், குனிந்தாள், வாசல்வரை ஓடி வந்தாள். படிக்கல் கட்டிய இடத்திலேயே நின்றது. கால்சட்டையின் பெல்ட் காதுகளில் நுழையாத அகலம், அதனால் மேலோடு மேலாகத்தான் கட்ட வேண்டும். எனக்கும் ஆசை வந்து, சேலைமேல் கட்டிப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே ஓட்டையில் சரியாக இருந்தது.

"அத்தை, உங்களுக்கும் எனக்கும் ஒரே இடுப்பா?" என்றாள் அவள், அதிர்ந்துபோய்.

"ஏண்டி, நான் என்ன பீப்பாயா?" என்றேன்.

நான் காசைக் கொடுக்கும்போது அவள் தயங்கினாள். மெதுவாக என் காதில், "அத்தை, இதைக் கழட்டாம பாத்ரூம் போக முடியாதே," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் கடைக்காரர் காதில் விழுந்துவிட்டது. அவர் இருமிவிட்டு வேறு பக்கம் திரும்பி, "இத்தனை வருஷத்துல இதை யாரும் கேட்டதில்லையே," என்று சுவரிடம் சொன்னார். ஆம்பளைகள் எதற்குக் கேட்கப்போகிறார்கள்?

பெல்ட் சொன்ன சொல் காப்பாற்றியது. துப்பாக்கி அசையவில்லை. சூப்பர்வைசரே இழுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனானாம். ஒரே ஒரு தொந்தரவு, அது அவளை அப்படி இறுக்கிப் பிடித்தது. சாயங்காலம் வீட்டில் நைட்டியோடு நிற்கும்போதும் இடுப்பைத் தடவிப் பார்ப்பாள். "கழட்டின அப்புறமும் கட்டியிருக்கிற மாதிரியே இருக்கு அத்தை. தூங்கும்போதுகூட இருக்கு." நான் எண்ணெய் தேய்த்துவிடுவேன். வரிவரியாகச் சிவந்து கிடக்கும்.

இன்னொன்றை அவள் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். காலையில் கொடுத்து அனுப்பிய தண்ணீர்ப் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. பெல்ட்டைக் கழற்றுவது பெரிய வேலை என்பதால், பாத்ரூம் போகவே கூடாது என்று தண்ணீரை நிறுத்திவிட்டாள். "நீ என்ன ஒட்டகமா?" என்று கத்தினேன். கேட்டால்தானே? இரண்டு மாதத்தில் நீர்க்கடுப்பும் குளிர்ஜுரமும் வந்து சுருண்டு படுத்தாள். டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டார். வேளைக்கு மாத்திரை, நாள் முழுக்கத் தண்ணீர், இல்லையென்றால் சிறுநீரகம் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து குடித்தாள். வேறு வழியில்லை.

இனி நான் சொல்லப்போவது என் பென்ஷன் நாளில் நடந்தது. பென்ஷன் அந்த வங்கியில்தான். நான் போனால் மருமகள் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாள், டியூட்டியில் சிரிக்கக் கூடாதாம். நான் வேண்டுமென்றே எதிர் பெஞ்சில் உட்கார்ந்து முறைப்பேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு.

அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் பின்பக்கம் பாத்ரூமுக்குப் போனாள். போன கொஞ்ச நேரத்தில் வாசலில் பணவண்டியின் ஹாரன். உதவி மேனேஜர் பின்பக்கம் பார்த்து, "வண்டி வந்துருச்சு, சீக்கிரம் வாங்க!" என்று குரல் கொடுத்தார். வண்டி வந்தால் கன்மேன் வாசலில் நிற்க வேண்டும், அது சட்டம். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து, என்னைக் கடந்து, வாசலுக்குப் போனாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அப்புறம் நான் எழுந்து பின்பக்கம் போனேன். பெண்களுக்கு ஒரே ஒரு பாத்ரூம். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண், ஆறு வயசு இருக்கும், ரெட்டைச் சடையும் பள்ளிச் சீருடையுமாகக் குடுகுடுவென்று ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டது. நான் வெளியே நின்றேன். நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் ஓய்ந்தும் குழந்தை வரவில்லை. 'டிக்... டிக்' என்று என்னவோ கேட்டது. கதவைத் தட்டினேன். திறந்துகொண்டு வந்தது.

"பாட்டி, உள்ள போலீஸ் பெல்ட்டு இருக்கு. டிக்குனு திறக்குது."

"யாருடி பாட்டி? என்னைப் பார்த்தா உனக்குப் பாட்டியாட்டமா இருக்கு?" என்றேன். அன்றைக்குத்தான் நான் தலைக்குச் சாயம் பூசியிருந்தேன். குழந்தை பயந்து அம்மாவிடம் ஓடிவிட்டது. அது சொன்ன மற்றது எதுவும் என் காதில் ஏறவில்லை. பாட்டி என்ற சொல் மட்டும்தான் ஏறியது.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அந்தக் கதவு உட்பக்கமாகத் திறப்பது. திறந்திருக்கும்போது அதன் பின்னால் சுவரில் இருக்கும் கொக்கி தெரியாது, சாத்தினால்தான் தெரியும். சாத்தினேன், தெரிந்தது. நான் முறுக்க முடியாத பெல்ட், இரண்டு முள் பித்தளைப் பக்கிள், கறுப்பு உறை, அதற்குள் துப்பாக்கி. குழந்தைக்குக்கூட எட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் இதைக் கழற்றி மாட்டியிருக்கிறாள். வண்டி வந்த அவசரத்தில் கதவைத் திறந்ததும் பெல்ட் மறைந்துவிட்டது. கழற்றினாலும் கட்டியிருக்கிற மாதிரியே இருக்கிறது என்று சொல்வாளே, அந்தப் பாழாய்ப்போன இறுக்கம் இடுப்பில் அப்படியே இருந்திருக்கிறது. இப்போது பணவண்டிக்குப் பக்கத்தில் வெறும் இடுப்போடு நிற்கிறாள், அது அவளுக்கே தெரியாது.

கத்தினால் அவள் வேலை போகும், கேஸும் வரும். அவளைக் கூப்பிடப் போனால் அதற்குள் வேறு யாராவது உள்ளே வருவார்கள். கையில் தூக்கிக்கொண்டு போனால் பணவண்டி ஆட்கள் என்னைச் சுட்டுவிடுவார்கள். என்ன செய்வேன்? பெல்ட்டை எடுத்தேன். கடையில் கட்டிப் பார்த்த அதே ஓட்டையில், சேலைமேல் கட்டினேன். முந்தானையை இழுத்துவிட்டு மூடினேன். இந்த வயசில் இடுப்பில் துப்பாக்கியோடு பாத்ரூமிலிருந்து வெளியே வந்தேன்.

அந்த ஹால் அவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நடந்தேன். மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தவர், "என்னம்மா, இடுப்பு வலியா?" என்றார், நல்ல மனுஷன்.

"வாயு," என்றேன்.

வாசலில் பணப்பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. நீளத் துப்பாக்கிகளோடு இரண்டு பேர். நடுவில் என் மருமகள், நெஞ்சை நிமிர்த்தி, விறைப்பாக. நான் போய் ஒட்டி நின்றேன். "அத்தை, டியூட்டில..." என்று பல்லைக் கடித்தாள். நான் அவள் கையைப் பிடித்து முந்தானைக்கு மேலே என் இடுப்பில் வைத்தேன்.

அவள் முகம் வெளுத்துப்போனதைக் கண்ணால் பார்த்தேன். இன்னொரு கை தன் இடுப்புக்குப் போயிற்று. அங்கே வெறும் சட்டைதான் இருந்தது. அவள் அசையவில்லை, அசைந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வண்டி போகும்வரை அப்படியே நின்றோம், உடுப்பு அவள் உடம்பில், துப்பாக்கி என் உடம்பில்.

வண்டி போனதும் பாத்ரூமுக்குள் இருவரும் நுழைந்து தாழிட்டோம். நான் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஈரச் சுவரில் சாய்ந்தேன்.

"யாரும் பார்க்கலடி. ஒருத்தருக்கும் தெரியாது. கட்டிக்கிட்டுப் போய் நில்லு. உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துச்சு, நான் கொலைகாரியா ஆயிடுவேன்."

அவள் உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கியின் பிடிமேல் ஒரு சின்னத் தோல்வார் வந்து டிக் பட்டனில் மாட்டும். அந்த வார் தொங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை, இந்தப் பட்டனை நீங்க திறந்தீங்களா?"

"நான் அதைத் தொடவே இல்ல."

"நான் போட்டுட்டுத்தான் மாட்டினேன். சத்தியமா போட்டேன். எப்பவும் போட்டுட்டுத்தான் கழட்டுவேன்." "ஆறு குண்டும் உள்ள இருக்கு. யாரு திறந்தா?"

அப்போதுதான் எனக்கு அந்த 'டிக்' மறுபடியும் கேட்டது. போலீஸ் பெல்ட்டு இருக்கு, டிக்குனு திறக்குது. அந்தக் குழந்தை இதைத்தான் என்னிடம் சொல்லியிருக்கிறது. அது உள்ளே தனியாக நின்று, குண்டு போட்ட துப்பாக்கியின் வாரைத் திறந்து மூடி, திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நான் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால் அடுத்து அந்தக் கை எங்கே போயிருக்கும்? சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மருமகள் அழவில்லை. துப்பாக்கியை உருவி, குண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். வெறும் துப்பாக்கியை உறையில் வைத்துப் பட்டனைப் போட்டாள். டிக் என்றது. பெல்ட்டைக் கட்டிக்கொள்ளவில்லை, கையிலேயே சுருட்டிப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"எங்கடி போற?"

"சொல்லணும் அத்தை."

"வேலை போயிடும்டி. அவன் படுத்துக் கிடக்கான்டி."

"தெரியும் அத்தை."

நான் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பேன். என் பிடியை அவளால் விடுவித்துக்கொள்ள முடியாது. ஆனால் ஹாலில் அந்தக் குழந்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது கண்ணில் பட்டது. அம்மாவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் பட்டனைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. டிக், டிக், டிக். என் கை விட்டுவிட்டது.

அவள் முதலில் மேனேஜரிடம் போகவில்லை, குழந்தையின் அம்மாவிடம்தான் போனாள். முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, "நான் துப்பாக்கியை பாத்ரூம்ல மறந்து வச்சுட்டேங்க. உங்க பாப்பா அதைத் தொட்டிருக்கா. ஒண்ணும் ஆகல. ஆனா உங்களுக்குத் தெரியணும்," என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. நிரப்பிக்கொண்டிருந்த சலானைக் கையில் பிடித்தபடி சிரிக்கப்போனாள். பிறகு மருமகள் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். குழந்தை உற்சாகமாகத் தலையாட்டி, "டிக்குனு திறந்துச்சும்மா," என்றது.

அந்தத் தாய் கையை ஓங்கி என் மருமகள் கன்னத்தில் விட்ட அறை ஹால் முழுக்கக் கேட்டது. அப்புறம் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு, அதன் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக் கதறினாள்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கன்மேன் வீட்டு அம்மா, என் வாயைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச எனக்கு என்ன இருந்தது? மருமகள் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எழுந்து, மேனேஜர் அறைக்குப் போய், துப்பாக்கியையும் குண்டுகளையும் மேஜைமேல் வைத்தாள். நான் பின்னாலேயே போய், கட்டிக்கொண்டு நடந்தது நான்தான் என்று சொன்னேன். மேனேஜர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"வாயுன்னு சொன்னீங்களேம்மா," என்றார்.

விசாரணை நடந்தது. தானாக வந்து சொன்னதால் கேஸ் இல்லை, வேலையோடு போயிற்று. சூப்பர்வைசர் உறையிலிருந்து பெல்ட்டை உருவி, "இது உங்களோடது," என்று என் கையில் கொடுத்தான். கல்லாட்டம் அப்படியே இருந்தது, ஒரு மடிப்புக்கூட விழவில்லை.

கொஞ்ச நாள் கஷ்டப்பட்டோம். இப்போது அவள் ஒரு பெண்கள் விடுதியில் வாசல் காவல், துப்பாக்கி கிடையாது. அதே பெல்ட்டில் சாவிக்கொத்தும் டார்ச்சும் தொங்குகின்றன. மகன் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றைத் தேடிக்கொண்டான். தெருவில் இன்னும் அவளைக் கன்மேன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தண்ணீர்ப் பாட்டில் சாயங்காலம் காலியாக வருகிறது.

எனக்குத்தான் இன்னும் தெளியவில்லை. என் பர்ஸில் அந்த மாதிரி ஒரு பட்டன் இருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு, நாடா வைத்துத் தைத்துக்கொண்டேன்.